சான்றிதழ் கையில், கடன் தலையில்: உடம்புப்பிடி பயிற்சிக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

எஸ்பிஎம் முடிவுகள் வெளியானதும் கோலா கெத்தில், பாலிங், சுங்கை பட்டாணி வட்டாரப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பயிற்சி மையங்களின் அறிவிப்புகள் சுற்றத் தொடங்கும். அழகுக் கலை, ஸ்பா தெரபி, அரோமாதெரபி, ரிப்ளெக்சோலஜி என்று பாடங்களின் பெயர்கள் பலவாக இருக்கும். வாக்குறுதி மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம், தங்கும் இடம் உண்டு, மாதந்தோறும் செலவுக்குப் பணம் உண்டு, படித்து முடித்ததும் வேலை உண்டு.

ஐந்து ஆறு பாடங்களில் மட்டுமே தேர்ச்சி பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் தோட்டப்புறக் குடும்பத்துக்கு இது வாராது வந்த வாய்ப்பாகத் தெரிவதில் வியப்பில்லை. உடம்புப்பிடி கௌரவமான தொழில். கையும் பொறுமையும் உள்ளவர்கள் இதில் நன்றாகவே வாழ முடியும். இந்தக் கட்டுரை அந்தத் தொழிலுக்கு எதிரானது அல்ல. அந்தத் தொழிலுக்குள் கடனோடு நுழைவதற்கு முன் எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

'இலவசம்' என்ற சொல்லுக்குள் இருக்கும் கடன்

மலேசியத் திறன் சான்றிதழ் எனப்படும் எஸ்கேஎம், மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை வழங்குவது. 1, 2, 3 ஆகிய நிலைகளில் சான்றிதழ், அதற்கு மேல் 4-ஆம் நிலையில் டிப்ளோமா, 5-ஆம் நிலையில் உயர் டிப்ளோமா. பல்கலைக்கழக மாணவர்களுக்கு பிடிபிடிஎன் இருப்பதுபோல், எஸ்கேஎம் பயிற்சி பெறுபவர்களுக்குக் கடன் கொடுப்பது பிடிபிகே எனப்படும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம். இது 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு நடைமுறை உண்டு. பயிற்சிக் கட்டணம் கழகத்திலிருந்து நேராக மையத்துக்குப் போய்விடும். பிள்ளையின் கைக்கு வருவது வாழ்க்கைச் செலவுக்கான தொகை மட்டுமே. கட்டணம் என்ற பெரிய பணத்தைக் குடும்பம் கண்ணால் பார்ப்பதே இல்லை. அதனால்தான் அது 'இலவசம்' போலத் தெரிகிறது. உண்மையில் கட்டணமும் கடன், மாதந்தோறும் வந்த செலவுப் பணமும் கடன். இரண்டும் பிள்ளையின் பெயரில் பதிவாகின்றன.

இன்னொன்று, 2-ஆம் நிலையை முடித்துவிட்டு 3-ஆம் நிலைக்குப் போகும்போது கடனும் ஏறும். பாதியில் நின்றுவிட்டாலும் அதுவரை எடுத்த கடன் தானாக மறைந்துவிடாது. 'இந்த நிலைக்கு எவ்வளவு' என்று கேட்பவர்கள் அதிகம். 'எல்லா நிலைகளையும் முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வேலை கிடைப்பது வேறு, சம்பளம் கிடைப்பது வேறு

திவெட் பட்டதாரிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு வேலை வாய்ப்பு உண்டு என்று அரசாங்கம் சில ஆண்டுகளாகவே சொல்லி வருகிறது. இது பொய்யல்ல. ஆனால் இந்த எண் எதைக் கணக்கிடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வேலையில் இருப்பவர்களோடு மேற்படிப்புக்குப் போனவர்கள், கூடுதல் திறன் பயிற்சியில் இருப்பவர்கள், இடம் உறுதியாகிக் காத்திருப்பவர்கள் ஆகியோரும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். மேலும் இது எல்லாத் துறைகளையும் சேர்த்த எண். வெல்டிங், மின்னியல், இயந்திரவியல் படித்தவரும் ஸ்பா படித்தவரும் ஒரே கூடைக்குள் வருகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எண் சம்பளத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கோலா கெத்தில் பெண் ஒருத்தி கடன் வாங்கி ஸ்பா பயிற்சி முடித்து, குறைந்தபட்ச சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அரசாங்கத்தின் புள்ளிவிவரத்தில் அது வெற்றி. அவளுடைய வீட்டுக் கணக்கில் அது வெற்றிதானா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

1,700 வெள்ளியில் எவ்வளவு மிஞ்சும்?

நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவானவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அது அதே ஆண்டு ஆகஸ்டு 1-இல் நடைமுறைக்கு வந்தது. சிறிய உடம்புப்பிடி நிலையங்கள் பல இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

இந்தச் சம்பளத்தில் இபிஎஃப் பிடித்தம் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. சொக்சோவும் வேலை காப்புறுதியும் சேர்ந்து ஏறக்குறைய 12 வெள்ளி. கைக்கு வருவது சுமார் 1,500 வெள்ளி.

சுங்கை பட்டாணியிலோ பட்டர்வொர்த்திலோ வாடகை அறையில் தங்கி வேலை செய்யும் ஒரு பெண்ணின் செலவை ஓர் எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்ப்போம். அறை வாடகை 300, சாப்பாடு 450, மோட்டார் சைக்கிள் தவணையும் பெட்ரோலும் 250, கைப்பேசி 50, அம்மா அப்பாவுக்கு 200. மொத்தம் 1,250. மிஞ்சுவது 250 வெள்ளி.

அவள் 10,000 வெள்ளி கடனை ஐந்து ஆண்டுகளில் அடைக்க வேண்டும் என்றால், வேறு கட்டணங்களைச் சேர்க்காமலேயே மாதத் தவணை 167 வெள்ளி. கையில் நிற்பது 83 வெள்ளி. கடன் 15,000 என்றால் தவணை 250. கையில் எதுவும் நிற்காது. உடம்புக்கு முடியாமல் போனால், வீட்டில் ஒரு விசேஷம் வந்தால், முதலில் நிற்பது கடன் தவணைதான். தவணை நின்றால் நிலுவை ஏறும். ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பாவோ மாமாவோ இருந்தால் கடிதம் அவர்களையும் தேடி வரும்.

இப்போது அதே பெண் எந்தச் சான்றிதழும் இல்லாமல் சுங்கை பட்டாணியிலோ கூலிம் ஹைடெக் பூங்காவிலோ தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் அதே 1,700. அதை 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி 17 காசு. மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 காசு. மாதம் 40 மணி நேரம் மிகைநேரம் செய்தால் கூடுதலாக 490 வெள்ளி. மொத்தம் 2,190. கடன் இல்லை.

ஆகவே பயிற்சி முடித்தவளின் சம்பளத்தை வெறும் 1,700-உடன் ஒப்பிடக் கூடாது. கடன் இல்லாமல் தொழிற்சாலையில் கிடைக்கும் 2,190-உடன் ஒப்பிட வேண்டும். அதற்கு மேல் தவணையையும் தாங்கும் அளவுக்குச் சம்பளம் ஏறினால்தான் சான்றிதழ் தன் விலையை ஈட்டியது என்று சொல்லலாம்.

கமிஷன் என்னும் இருபக்கக் கத்தி

'அடிப்படைச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், கமிஷன் இருக்கிறது' என்பார்கள். உண்மைதான். ஒரு மணி நேரத்துக்கு வாடிக்கையாளரிடம் 80 வெள்ளி வாங்கும் கடையில், பிடிப்பவருக்கு 35 விழுக்காடு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு 28 வெள்ளி. நாளுக்கு நான்கு பேர், மாதம் 26 நாள் என்றால் 2,912 வெள்ளி. நல்ல சம்பளம். அதுவே நாளுக்கு ஒருவர் என்றால் 728 வெள்ளி. சான்றிதழ் ஒன்றுதான். கையும் ஒன்றுதான். வருமானத்தை முடிவு செய்வது கடை இருக்கும் இடமும் அங்கே வரும் வாடிக்கையாளர் எண்ணிக்கையும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு உண்டு. குறைந்தபட்ச சம்பள ஆணையின்படி, அடிப்படைச் சம்பளம் இல்லாமல் கமிஷன் மட்டுமே வாங்கும் தொழிலாளிக்கும் மாத வருமானம் 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது. வாடிக்கையாளர் வராத மாதத்தில் பள்ளத்தை நிரப்ப வேண்டியது முதலாளி.

இதிலிருந்து தப்பிக்க, 'நீ எங்கள் தொழிலாளி இல்லை, சுயதொழில் செய்பவர்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கும் கடைகள் உண்டு. அந்தத் தாள் மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த 101சி பிரிவின்படி, வேலை நேரத்தை முதலாளி நிர்ணயித்தால், வேலை செய்யும் முறையை அவர் கட்டுப்படுத்தினால், கருவிகளையும் பொருள்களையும் அவரே கொடுத்தால், அது முதலாளி தொழிலாளி உறவாகவே அனுமானிக்கப்படும். இபிஎஃப், சொக்சோ கட்டாமல் விடும் கடையைப் பற்றி அந்தந்த அமைப்பிடமே புகார் செய்யலாம். சேரும்போதே 'இபிஎஃப் உண்டா' என்று கேட்பது வெட்கப்பட வேண்டிய கேள்வி அல்ல.

கை தேயும், கடை மூடும்

உடம்புப்பிடி தொழிலில் முதலீடு கட்டை விரலும் மணிக்கட்டும் முதுகும்தான். அலுவலக வேலைபோல நாளுக்கு எட்டு மணி நேரம் தொடர்ந்து பிடிப்பது பெரும்பாலோரால் முடியாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகமே இந்தத் தொழிலைப் பற்றிய தன் குறிப்பில் இதைச் சொல்கிறது. ஆகவே அதிகமாக உழைத்துக் கடனைச் சீக்கிரம் அடைத்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு உடம்பே ஓர் எல்லை போட்டுவிடும்.

மற்றொன்று 2020-ஐ மறக்கக் கூடாது. அவ்வாண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது தொடுதலை நம்பிய இந்தத் தொழில் முதல் நாளிலேயே நின்றது. மற்ற கடைகள் பல திறந்த பிறகும் ஸ்பாக்களும் ரிப்ளெக்சோலஜி நிலையங்களும் ஜூலை வரை காத்திருந்தன.

மூன்றாவது, பெயர். உடம்புப்பிடி நிலையம் என்றாலே போலீஸ் சோதனைச் செய்திதான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருகிறது. இந்தப் பேச்சுக்குப் பயந்து படித்த தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். தொழிலை விட்டாலும் கடன் விடாது. ஆகவே பயிற்சிக்கு அனுப்பும் முன்பே குடும்பம் மனம் தெளிந்திருக்க வேண்டும். ஊராட்சி மன்ற உரிமம் வெளியே தெரியும்படி மாட்டியுள்ள, வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரும் நிலையத்தில்தான் சேர வேண்டும்.

எட்டு விழுக்காடு என்ற அளவுகோல்

கடன் எவ்வளவு இருந்தால் தாங்கும்? இதற்கு அமெரிக்காவின் ஒரு விதி நமக்கு உதவும். சான்றிதழ்ப் படிப்புகளில் மாணவர்கள் கடனாளியாகி வெளியே வருவதைக் கண்ட அந்நாட்டுக் கல்வித் துறை 2014-இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2019-இல் அது நீக்கப்பட்டது. 2023 அக்டோபரில் மீண்டும் வேறு வடிவில் வெளியானது. அதன் சாரம் இதுதான்: படித்தவரின் ஆண்டுக் கடன் தவணை, அவருடைய ஆண்டு வருமானத்தில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டினால் வேறொரு வருமானக் கணக்கிலும் சோதிப்பார்கள். மேலும், படித்தவரின் வருமானம் உயர்நிலைப்பள்ளியோடு நின்றவரின் வருமானத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை தவறும் படிப்புக்கு அரசு நிதி கிடைக்காது. அங்கே இந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் அழகுக் கலைப் பள்ளிகளின் சங்கமும் ஒன்று என்பது கவனிக்கத்தக்கது.

அந்த அளவுகோலை நம் சம்பளத்தில் வைத்துப் பார்ப்போம். மாதம் 1,700 என்றால் ஆண்டுக்கு 20,400. அதில் 8 விழுக்காடு 1,632. மாதத்துக்கு 136 வெள்ளி. ஐந்து ஆண்டுகளில் அடைப்பதானால் தாங்கக்கூடிய மொத்தக் கடன் 8,160 வெள்ளி. பத்து ஆண்டுகள் என்றால் 16,320. அதாவது 18 வயதில் வாங்கிய கடனை 28 வயது தாண்டியும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். திருமணம், வீடு, பிள்ளை எல்லாம் வரும் ஆண்டுகள் அவை.

நம் நாட்டில் இப்படி ஒரு விதி இல்லை. அதனால் ஒவ்வொரு குடும்பமும் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே சான்றிதழுக்கு மூன்று வழிகள்

எஸ்கேஎம் பெறுவதற்குப் பயிற்சி மையம் மட்டுமே வழி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திறன் மேம்பாட்டுத் துறை மூன்று வழிகளை வைத்திருக்கிறது.

முதலாவது, அங்கீகாரம் பெற்ற மையத்தில் முழுநேரப் பயிற்சி. கடன் பெரும்பாலும் இங்கேதான் சேர்கிறது.

இரண்டாவது, எஸ்எல்டிஎன் எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை. 2005-இல் தொடங்கப்பட்டது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும், மீதி வகுப்பிலும் நடக்கும். பயிற்சிக் காலத்தில் நிறுவனம் உதவித்தொகை கொடுக்கும். அது குறைந்தபட்ச சம்பளத்துக்குக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் அது திருப்பிக் கட்ட வேண்டாத பணம்.

மூன்றாவது, பிபிடி எனப்படும் முன் அனுபவ அங்கீகாரம். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் தம் வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் திறனைக் காட்டி, வகுப்புக்கே போகாமல் சான்றிதழ் பெறலாம். இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு ஸ்பாவில் உதவியாளராகச் சம்பளத்தோடு வேலை செய்து கற்றுக்கொண்டவருக்கு இது ஏற்ற வழி.

மூன்று வழியில் வந்தாலும் கையில் கிடைப்பது அதே எஸ்கேஎம். பயிற்சி மையத்தின் அறிவிப்பில் முதல் வழி மட்டுமே இருக்கும். மற்ற இரண்டையும் அந்த மையம் விளம்பரப்படுத்தாது. பெற்றோர்தான் கேட்க வேண்டும். இவை தவிர, சமூகக் கல்லூரிகள் சிலவற்றில் அழகு, ஸ்பா சான்றிதழ்ப் படிப்பு உண்டு. அங்கே ஒரு பருவத்துக்குக் கட்டணம் சில நூறு வெள்ளிதான்.

கோலா கெத்திலில் பிழைக்க முடியுமா?

ரப்பர் போய் செம்பனை வந்து, தோட்டத்துப் பிள்ளைகள் நகரத்துக்குப் பிரிந்துபோன வட்டாரம் இது. சுற்றுப்பயணிகள் வரும் இடமல்ல. ஸ்பா வேலை வேண்டுமென்றால் சுங்கை பட்டாணி, பினாங்கு, லங்காவி என்றுதான் போக வேண்டும். லங்காவியில் சுற்றுலா மாதமும் உண்டு, காற்றுவாங்கும் மாதமும் உண்டு.

ஆனால் ஊரிலேயே ஒரு சந்தை இருக்கிறது. பிரசவித்த பெண்களுக்கு எண்ணெய் தேய்த்து, பிடித்து, குளிப்பாட்டிவிடும் வழக்கம் நம்மிடமும் உண்டு, மலாய்க்காரர்களிடமும் உண்டு. பழைய தலைமுறைப் பாட்டிகள் குறைந்துவிட்டார்கள். தேவை குறையவில்லை. 2007-இல் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மலாய் உடம்புப்பிடியை அரசாங்கமே கொண்டுவந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். வீடு தேடிப் போய்ச் செய்யும் இந்த வேலைக்குக் கடை வாடகை இல்லை, முதலாளிக்குப் பங்கு இல்லை. வாடிக்கையாளரும் பெண் என்பதால் வீட்டாருக்கும் தயக்கம் குறைவு.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். அறுவைப் பிரசவமானவரை மருத்துவர் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லவும் கூடாது. பாரம்பரிய சிகிச்சைத் தொழிலுக்கு 2016-ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது. சுயமாகச் செய்பவர்கள் சொக்சோவின் சுயதொழில் காப்புறுதியிலும், இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்திலும் சேர்வது நல்லது. ஐ-சாரானில் நாம் போடும் பணத்துக்கு மேல் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை அரசாங்கமும் போடுகிறது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

எல்லா நிலைகளுக்கும் சேர்த்து மொத்தக் கடன் எவ்வளவு? தவணை எந்த மாதம் தொடங்கும், மாதம் எவ்வளவு? பாதியில் நின்றால் யார் எவ்வளவு கட்ட வேண்டும்? இந்தப் பாடத்துக்கு, இந்த நிலைக்கு மையத்தின் அங்கீகாரம் இன்னும் செல்லுமா? கடைசிக் கேள்விக்குப் பதிலை மையத்திடம் கேட்க வேண்டியதில்லை. திறன் மேம்பாட்டுத் துறையின் மைஸ்பைக் தளத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது கேள்விதான் முக்கியமானது. போன ஆண்டு இங்கே படித்து முடித்த மூன்று பேரின் தொடர்பு எண்ணைக் கேளுங்கள். அவர்களிடம் 'வேலை கிடைத்ததா' என்று கேட்காதீர்கள். 'தவணை கட்டிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது' என்று கேளுங்கள். நல்ல மையம் எண்ணைக் கொடுக்கத் தயங்காது.

சமூகத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மித்ரா நிதியோ வேறு நிதியோ எதுவானாலும், இந்திய இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்று அறிவிக்கும்போது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணோடு நின்றுவிடுகிறோம். மேடையில் சான்றிதழ் கொடுக்கும் படமும் வந்துவிடுகிறது. மூன்று ஆண்டு கழித்து அவர்களுடைய சம்பளம் என்ன, நிலுவைக் கடன் என்ன என்பதைப் பாடவாரியாக, மையவாரியாக வெளியிடும்படி மனிதவள அமைச்சைக் கேட்க வேண்டும். கடனைக் கொடுத்தது ஓர் அரசுக் கழகம். சம்பள விவரம் இபிஎஃப்பிடம் இருக்கிறது. இரண்டையும் பெயர் இல்லாமல் இணைத்து வெளியிட அரசாங்கத்துக்கு மனம் இருந்தால் போதும்.

அந்தப் பட்டியல் வரும் நாள்வரை பெற்றோர் கையில் இருப்பது ஒரு தாளும் பேனாவும்தான். பிள்ளையின் எதிர்பார்க்கும் சம்பளத்தை எழுதி, செலவைக் கழித்து, தவணையைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். மிச்சம் இல்லையென்றால் மற்ற இரண்டு வழிகளைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.